தேங்காய்க் களத்தில் பாட்டு நின்றது தொடர்பாக

அனுப்புநர்
ப. தனபால்,
தேங்காய்க் களம் மற்றும் எண்ணெய் ஆலை உரிமையாளர்,
தாராபுரம் சாலை,
காங்கேயம்.

பெறுநர்
நிலைய இயக்குநர் அவர்கள்,
கொங்கு பொது வானொலி நிலையம்,
கோயம்புத்தூர்.

பொருள்: முற்பகல் நேரத் திரைப்பாடல்களை நிறுத்திவிட்டுப் பேச்சு நிகழ்ச்சிகளை ஒலிபரப்புவதால் தேங்காய்க் களத்திலும் வீட்டிலும் ஏற்பட்டுள்ள ஒழுங்குக் குலைவு – பாடல்களை மீண்டும் ஒலிபரப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

காங்கேயத்தை அடுத்து தேங்காய்க் களமும் சிறிய எண்ணெய் ஆலையும் நடத்திவரும் நான், தங்கள் நிலையத்தின் நெடுநாளைய நேயர். தங்கள்மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஏதும் இல்லை என்பதையும், கோபத்தில் இம்மனுவை எழுதவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே தெரிவித்துக்கொள்கிறேன். இவற்றுள் இரண்டாவதை என் மனைவி ஏற்கவில்லை. ஆனால் மனு என்னுடையது.

தேங்காய்க் களத்தைத் தாங்கள் நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சுருக்கமாக விளக்குகிறேன். களம் என்பது பெரிய சிமென்ட் தளம். உடைத்த காய்களை அதில் வெயிலுக்குப் பரப்பிவிடுவோம். ஓரளவு காய்ந்ததும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தொட்டி எனப்படும் சிரட்டையிலிருந்து பருப்பைக் கம்பியால் நெம்பி எடுப்பார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிடுவார்கள். பொழுது சாயும்போது வீடு திரும்புவார்கள். வேலை அப்படியொன்றும் கடினமானதல்ல. நான் பலமுறை நிழலில் நின்று பார்த்திருக்கிறேன்.

இந்தப் பெண்களின் நலன் கருதி, களத்து வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கி ஒன்றைக் கட்டி, தங்கள் நிலையத்தின் பாடல்களைக் காலை முதல் மாலை வரை ஒலிக்கச் செய்தேன். தொழிலாளர் நலனுக்காக என் களத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு இதுவே. வேறு ஏற்பாட்டுக்குத் தேவை ஏற்பட்டதில்லை. பாட்டின் பயனை நான் அனுபவத்தில் அறிந்தவன். பாட்டு ஓடும்போது பெண்கள் ஒருவருக்கொருவர் பேசுவதில்லை; பேச்சு இல்லாதபோது கை நிற்பதில்லை. துள்ளலான பாட்டு வந்தால் பருப்பும் துள்ளிக்கொண்டு வரும். மதியத்துக்கு மேல் தாங்கள் வழங்கிய காதல் தோல்விப் பாடல்களின்போது சற்றே தொய்வு ஏற்பட்டது உண்மைதான். அதையும் பொறுத்துக்கொண்டேன், கலை என்றால் எல்லாம் இருக்கும்.

கடந்த ஆடி மாதத்தில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, முற்பகல் பாடல்களைத் தாங்கள் நிறுத்தினீர்கள். அந்த நேரத்தில் ‘சொல்லுங்க, கேட்கிறோம்’ என்ற பேச்சு நிகழ்ச்சி தொடங்கியது. நேயர்களின் விருப்பத்திற்கிணங்க இம்மாற்றம் செய்யப்பட்டதாக அறிவிப்பாளர் கூறினார். நானும் நேயர்தான். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

தொடக்கத்தில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை. பயிருக்கு அடியுரம் இடுவது பற்றி ஒருவர் பேசினார், யாரும் கவனிக்கவில்லை. உயில் எழுதுவது எப்படி என்று வழக்கறிஞர் ஒருவர் விளக்கினார். களத்துப் பெண்களில் மூத்தவரான பாவாத்தாள், “எழுதி வெக்கறதுக்கு நம்மகிட்ட என்னங்க இருக்குது, இந்தக் கம்பிதான்” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அத்தோடு தாங்கள் நிறுத்தியிருந்தால் இம்மனுவுக்கு வேலையே இருந்திருக்காது.

அடுத்ததாக மகளிர் நல மருத்துவர் ஒருவரை அழைத்துவந்தீர்கள். அந்த அம்மையார், வேலைசெய்யும் இடத்தில் ஒதுங்க வசதியில்லாத பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்றும், நாள் முழுவதும் அடக்கிவைப்பதால் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து கடைசியில் சிறுநீரகத்தையே பாதிக்கிறது என்றும் மிக நிதானமாக எடுத்துரைத்தார். என் களத்தில் எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் நின்றன. எவ்வளவு சோகமான பாட்டுக்கும் இப்படி நின்றதில்லை. அந்த அமைதியில் பாவாத்தாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏனுங்க சாமி, அந்த டாக்டரம்மா நம்ம களத்துக்கு எப்பங்க வந்துட்டுப் போனாங்க?” யாரும் வரவில்லை என்று உண்மையையே சொன்னேன்.

அன்று மாலை, வீட்டுக்குப் போகும் நேரத்தில் பெண்கள் எல்லோரும் என் வீட்டு வாசற்படலுக்கு வெளியே வந்து நின்றார்கள். பாவாத்தாள்தான் பேசினார். “பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க சாமி. நாலு பக்கமும் மறைச்சு, ஒரு கதவு வெச்சு, ஒரு கொழாய் போட்டுக் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க.” தை பிறக்கட்டும், பார்க்கலாம் என்று கனிவாகவே பதில் சொன்னேன். அவருடைய மருமகள் கயல்விழி, பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், “எந்தத் தைங்க?” என்று கேட்டார். கேட்ட விதத்தில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் பாடல்கள் ஒலித்த காலத்தில் இந்த மாதிரிக் கேள்வி என் களத்தில் எழுந்ததில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இதுவரை அவர்களுக்கு என்ன வசதி இருந்தது என்ற ஐயம் தங்களுக்கு எழலாம். களத்துக்குத் தெற்கே, பக்கத்துக் காட்டில், அதாவது தரிசாகக் கிடந்த நிலத்தில், வேலிக்காத்தான் புதர் அடர்த்தியாக இருந்தது. இயற்கையாகவே அமைந்த வசதி அது. அந்தக் காட்டுக்காரர் புதரை அழித்து மனைப்பிரிவு போட்டுக் கலர் கல் நட்டுவிட்டார். இதில் என் குற்றம் எதுவுமில்லை. வீடு களத்தை ஒட்டியே இருக்கிறதே, அங்கே கழிப்பறை இல்லையா என்றும் கேட்கலாம். பின்கட்டில் இருக்கிறது. ஆனால் இவர்கள் காலனியிலிருந்து வருபவர்கள். என் தந்தையார் காலம் முதல் வீட்டுக்குள் வரும் வழக்கமில்லை, அவர்களும் கேட்டதில்லை. அதற்காக நாங்கள் யாரையும் வேறுபடுத்திப் பார்ப்பவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில்தான் டீ போடுகிறோம். டம்ளர் மட்டும் அவரவர் கொண்டுவருவார்கள்.

நிலைமை கைமீறுவதற்குள் வானொலியை நிறுத்தினேன். உடனே பெண்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். அவர்கள் பேசியதற்குத் தங்கள் மருத்துவர் பேசியதே மேல் என்று தோன்றியது. ஆகவே கடைவீதிக்குச் சென்று, பாடல்கள் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றை வாங்கிவந்து போட்டேன். சில நாள்கள் அமைதி நிலவியது. பிறகுதான் கவனித்தேன்: கயல்விழி, தலையைச் சுற்றிக் கட்டிய துண்டுக்குள் இயர்போன் வைத்துத் தன் கைபேசியில் தங்கள் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். அவர் அடுத்தவரிடம் சொல்வார். வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேரும்போது, மருத்துவர் சொன்னதைவிட விஷயம் கூடுதலாகவே இருந்தது. ஒரு வானொலியை அணைத்ததால் என் களத்துக்குள் இன்னொரு வானொலி தொடங்கிவிட்டது. அதற்கு உரிமம் உண்டா என்பதைத் தாங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

இதன் தொடர்ச்சியாக, தங்கள் நிகழ்ச்சிக்குக் கயல்விழி தொலைபேசியில் பேசினார். என் பெயரைச் சொல்லவில்லை; ஊரையும் சொல்லவில்லை. மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போடும் களம் என்று மட்டும் சொன்னார். எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு களம்தான் இருக்கிறது. அவர் பேசியதைப் பலரும் எனக்குப் பலமுறை சொல்லிக்காட்டியுள்ளதால் எழுத்துப் பிசகாமல் தர முடிகிறது: “எங்க மொதலாளி தங்கமானவருங்க. வெயிலு தெரியாம இருக்கட்டும்னு பாட்டெல்லாம் போட்டு உடுவாருங்க. ஒண்ணுக்குப் போறதுக்குத்தானுங்க எடமில்லீங்க.”

ஒருவர் நம்மை இகழ்ந்து பேசினால் மறுப்புத் தெரிவிக்கலாம். புகழ்ந்து பேசியதை எப்படி மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் தேங்காய் வியாபாரிகள் கூட்டத்துக்குப் போனேன். நாற்காலியில் உட்காருவதற்குள், “ஏனுங்க தனபாலு, இன்னைக்கு என்ன பாட்டுங்க போட்டு உட்டிருக்கறீங்க?” என்று இன்னொரு களத்துக்காரரான லட்சுமணசாமி கேட்டார். கூட்டமே சிரித்தது. அவர் களத்திலும் கழிப்பறை கிடையாது. ஆனால் அவர் பாட்டுப் போடுவதில்லை, அதனால் தப்பித்துக்கொண்டார்.

நான் கயல்விழியை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். நிர்வாக நலன் கருதி எடுத்த முடிவு அது.

அதற்கடுத்து நடந்ததை எழுதுவதா என்று யோசித்தேன். மனு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மாசி மாத வெயில், உச்சிப்பொழுது. மருமகள் வராத வருத்தத்தோடு பாவாத்தாள் வேலை செய்துகொண்டிருந்தார். திடீரென்று பருப்புக் குவியலின் மேல் அப்படியே சாய்ந்துவிட்டார். பெண்கள் கூச்சலிட்டதும் என் மனைவி சாந்தாமணி சொம்பில் தண்ணீருடன் ஓடிவந்து, முகத்தில் தெளித்து, தலையை மடியில் தூக்கி வைத்துக் குடிக்கக் கொடுத்தார். கண் திறந்த பாவாத்தாள் சொம்பைக் கையால் தள்ளினார். “வேண்டாமுங்க அம்மணி. குடிச்சாப் போகணுமுங்க” என்றார்.

மயக்கம் தெளிந்தவுடன் ஒருவர் முதலில் சொன்னது இதுதான் என்று என் மனைவி அதற்குப் பிறகு பலமுறை என்னிடம் கூறிவிட்டார். கூற வேண்டிய அவசியமில்லை. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

சாந்தாமணி பாவாத்தாளைத் தோளோடு அணைத்து எழுப்பி, வாசல் வழியாக, என் தந்தையாரின் படம் மாட்டியிருக்கும் கூடத்தின் வழியாக, பின்கட்டுக் கழிப்பறைக்கு அழைத்துப்போனார். கதவுக்கு வெளியே அவரே காவல் நின்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், காரை எடுக்கப் போய்விட்டேன். மருத்துவமனையில், சிறுநீரகத்தில் கிருமித்தொற்று, முற்றிய நிலையில் வந்திருக்கிறீர்கள் என்றார்கள். சில நாள்கள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பாவாத்தாள் இப்போது தேறிவருகிறார். செலவை நானே ஏற்றேன் என்பதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம், தங்கள் நிகழ்ச்சியில் இதை யாரும் குறிப்பிடவில்லை என்பதே.

இதற்கிடையில் ஒருநாள் உறவினர் இல்லத் திருமணத்துக்காக அவிநாசி சென்றுகொண்டிருந்தேன். பாட்டு ஏதேனும் வருமா என்று காரில் தங்கள் நிலையத்தை வைத்தேன். பாட்டு வரவில்லை. என் மனைவி வந்தார்.

“நானு காங்கேயத்துப் பக்கமிருந்து பேசறேனுங்க. முந்தி ஒரு புள்ள பேசுச்சில்லீங்க, களத்துல எடமில்லீன்னு? அது சொன்னது நெசந்தானுங்க. நானு அந்தக் களத்துக்காரரு ஊட்டுக்காரிங்க.” தங்கள் அறிவிப்பாளர், இப்போது என்ன செய்யப்போகிறீர்கள் அம்மா என்று கேட்டார். “பொறகால கதவத் தொறந்து உட்டுப்போட்டனுங்க. அந்தப் புள்ளயையும் வேலைக்கு வரச் சொல்லிப்போட்டேன். அவரு வந்தாத் திட்டுவாருங்க. திட்டட்டுமுங்க. தெனமும் கேக்கற பாட்டுத்தானுங்க அது.”

காரை ஓரமாக நிறுத்தினேன். என் மனைவி தொடர்ந்து பேசினார். கல்யாணமாகி வந்த புதிதில், கூடத்தில் மாமனார் உட்கார்ந்திருந்ததால் பின்கட்டுப் பக்கம் போகக் கூச்சப்பட்டுப் பொழுது முழுக்க அடக்கிக்கொண்டிருந்ததையெல்லாம் சொன்னார். எனக்கு அது தெரியாது. அவர் இவ்வளவு நேரம் ஒரே மூச்சாகப் பேசி நான் கேட்டதுமில்லை. காங்கேயத்தில் ஒரே வீட்டில் இருக்கும் எங்களுக்குள், அவர் பேச்சு கோயம்புத்தூருக்குப் போய் அங்கிருந்து அவிநாசிச் சாலைக்கு வந்துசேர வேண்டியிருந்தது. முகூர்த்தம் தவறிவிட்டது. இதற்கும் தங்கள் நிலையமே பொறுப்பு.

வீடு திரும்பியபோது பின்வாசலில் பெண்களின் செருப்புகள் கிடந்தன. கயல்விழி என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனார். “ஏனுங்க, ரேடியோ கேட்டீங்களா?” என்றார் என் மனைவி. இல்லை என்றேன். “அப்பச் செரி” என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு போட்டார். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அன்று முதல் என் வீட்டுக் கழிப்பறைக்கு நானே நேரம் பார்த்துப் போகவேண்டியுள்ளது. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, “ஆளிருக்குதுங்க மொதலாளி” என்று மரியாதையாகவே பதில் வருகிறது.

களத்தில் வேலை குறைந்துவிட்டதா என்று கேட்டால், குறையவில்லை என்பதையே சொல்ல வேண்டும். சொல்லப்போனால் சற்றுக் கூடியிருக்கிறது. ஆனால் இது கொள்கை தொடர்பான விஷயம்.

எனவே, முற்பகல் பாடல்களை உடனடியாக மீண்டும் ஒலிபரப்ப வேண்டுகிறேன். அது இயலாதெனில், மருத்துவர்கள் கீரை, பேரீச்சம்பழம் போன்ற பொதுவான பொருள்களைப் பற்றி மட்டும் பேசுமாறும், களம், ஆலை, தோட்டம் முதலிய இடங்களின் பக்கம் போகாதிருக்குமாறும் அறிவுறுத்தலாம். திருமணமான பெண் நேயர்களை ஒலிபரப்பில் பேச அனுமதிக்குமுன், கணவர் அருகில் இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பேச்சு நிகழ்ச்சி வேண்டும்தான் என்றால், உரிமையாளர்களின் மனக்குறைகளுக்கும் வாரத்தில் ஒருநாள் ஒதுக்கலாம். நான் வரத் தயாராக இருக்கிறேன். நடுநடுவே பாட்டுப் போட்டால் நல்லது.

மேற்கண்டவை வீட்டில் தட்டச்சு செய்யப்பட்டவை. கீழ்வருவதைத் தங்கள் அலுவலக வரவேற்பறையில் உட்கார்ந்து கையால் எழுதிச் சேர்க்கிறேன்.

மனுவை நேரில் தருவதற்காக இன்று காலை வந்தேன். தாங்கள் ஒலிப்பதிவில் இருப்பதாகக் காவலர் அழகிரிசாமி கூறி, நாற்காலி போட்டு உட்காரவைத்தார். எனக்குச் சர்க்கரை உண்டு. வழியில் பல்லடத்தில் டீ வேறு குடித்திருந்தேன். சிறிது நேரத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டேன். எதிரிலேயே இருக்கும் கதவைக் காட்டி, “அது ஆபீசுக்காரங்களுக்குங்க. வெளியாளுங்கள உட்டா எனக்கு வேலை போயிருமுங்க. சித்த நேரம் பொறுத்துக்குங்க, ஐயா வந்துருவாருங்க” என்றார். குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிகவும் பணிவாகத்தான் சொன்னார்.

பொறுத்துக்கொண்டேன். வரவேற்பறை ஒலிபெருக்கியில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். பாட்டாக இருந்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும். எழுந்து வெளியே போய்த் தேடலாம் என்றால், அதற்குள் தாங்கள் வந்துவிட்டால் மனு நாளைக்குத் தள்ளிப்போகும். வேறு வழி தெரியாமல் மனைவிக்குக் கைபேசியில் பேசினேன். அவர் சிரிக்கவில்லை. “கால மாத்திப் போட்டுட்டு நேரா உக்காருங்க. கதவப் பாக்காதீங்க, பாத்தா இன்னும் வருமுங்க. வேற எதையாச்சும் நெனச்சுக்குங்க” என்றார். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “பாவாத்தாக்கா பக்கத்துலதான் உக்காந்திருக்குது. அதுதான் சொல்லச் சொல்லுது” என்றார்.

கதவைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுதுவதற்கு நடுவே கொத்தனார் சுப்பையனுக்கும் பேசினேன். நாளைக் காலை களத்தில் குழி தோண்டத் தொடங்குகிறார். கதவு எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று கேட்டதற்கு, பெண்களைக் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். இம்முடிவுக்கும் தங்கள் நிகழ்ச்சிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதை இதன்மூலம் பதிவு செய்கிறேன்.

ஆகவே, ஐயா, என் கோரிக்கைகளின் வரிசையை மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். மனு கொடுக்க வருவோருக்கு எதிரில் உள்ள கதவைத் திறந்துவிடுமாறு, இம்மனுவை முழுவதும் படிப்பதற்கு முன்பாகவே, காவலருக்கு உத்தரவிட வேண்டுகிறேன். பாடல்களைப் பற்றி அதன் பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 18.03.2025

பொறுமையுடன்,
ப. தனபால்
(ஒப்பம்)